சுவரில் வந்த அப்பா

அப்பாவுக்குப் பயந்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் அவரைக் கண்டிப்பானவர் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அவர் என்னை ஒரு சொல்கூட அதட்டியதில்லை. நான் பயந்தது எங்கள் கூடத்துச் சுவரில், தரையிலிருந்து உத்தரம்வரை நிறைந்து நின்ற அவருடைய முகத்துக்கு.

பிரெஞ்சுக் குடியுரிமை அப்பாவின் வழியாக எங்களுக்கு வந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் பாரிஸுக்கு அருகே ஓர் உணவகச் சமையலறையில் வேலைக்குப் போய்விட்டார். அம்மாவும் நானும் காரைக்காலில், சித்தப்பாவின் பொறுப்பில், எங்களுடைய குடியுரிமைப் பேப்பர்கள் வருவதற்காகக் காத்திருந்தோம். எனக்கு ஐந்து வயதானபோது, சீக்கிரம் வந்துவிடும் என்ற செய்தி வந்தது. அன்று முதல் அம்மாவுக்கு ஒரே கவலை: போய் இறங்கியதும் நான் அந்த மனிதரிடம் போவேனா? செல்பேசியில் அவர் முகம் தெரிந்தால் நான் அதைத் தள்ளிவிட்டுப் பொம்மைப்படம் கேட்பவள்.

"உள்ளங்கை அகலத்துல பாத்தா அப்பான்னு எப்படி அண்ணி தோணும்? ஆள் உசரத்துக்குத் தெரியணும்" என்றார் சித்தப்பா. "ஒரு புரொஜெக்டர் வாங்கிடுவோம்."

"பெரிய டிவி வாங்கிட்டாப் போச்சு."

"நம்ம வசதிக்கு நம்ம செவுருதான் பெரிய டிவி."

அதன்பின் பல நாள் அவர் செல்பேசியும் கையுமாகவே இருந்தார். சுவருக்கும் இயந்திரத்துக்கும் எவ்வளவு தூரம் வேண்டும், பல்பு எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதையெல்லாம் சாப்பிடும்போது எங்களுக்கு ஒப்பித்தார். இறுதியில், விலை குறைந்தவற்றுள் எதன் அட்டையில் வெளிச்சத்தின் அளவு மிகப் பெரிய எண்ணாக அச்சிடப்பட்டிருந்ததோ அதை வரவழைத்தார். அச்சிட்ட வெளிச்சம் அட்டையோடு நின்றுவிட்டது. உயரமான சன்னல்களைக் கொண்ட எங்கள் கூடத்தில், மாலை ஐந்து மணிக்குப் படம் என்பது சுவரில் படிந்த கறையாகவே தெரிந்தது. சித்தப்பா மனம் தளரவில்லை. சன்னல்களைச் சாத்தி, அவற்றின்மேல் கெட்டியான படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டார். நாங்கள் மாலையில் செபம் சொல்லும் திருஇருதய ஆண்டவர் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி அலமாரிமேல் வைத்தார். படம் மாட்டியிருந்த ஆணி மட்டும் பெயரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு விடுமுறை. செல்பேசியைப் புரொஜெக்டரோடு இணைத்து, சுவரடியில் ஒரு முக்காலியில் எங்களைப் பார்க்கச் சாய்த்து வைத்துவிட்டு, கூடத்தை இருட்டாக்கினார்கள். எனக்குப் பின்னால் அந்த இயந்திரம் வெப்பமாக மூச்சு விட்டது. ஆண்டவர் இருந்த இடத்தில் அப்பா தோன்றினார். இயந்திரத்தை மேல்நோக்கிச் சாய்த்திருந்ததால் நெற்றி விரிந்தும் மோவாய் குறுகியும் இருந்தது. ஆணி அவர் கன்னத்தில் அறைந்ததுபோல் நின்றது. உதடுகள் முதலில் அசைந்தன. குரல் சற்றுப் பிந்தி, என் முதுகுப்புறத்திலிருந்து வந்தது.

"பாப்பா எங்கடா தம்பி?"

"இந்தா, முன்னாடிதான் ஒக்காந்திருக்கு அண்ணே."

"ஒண்ணும் தெரியலயே. ஒரே இருட்டு, நடுவுல ஒரு வெளிச்சம் கண்ணக் கூசுது. லைட்டப் போடேன்."

"லைட்டப் போட்டா நீங்க அழிஞ்சு போயிடுவீங்க. புள்ள பாக்க வேணாமா?"

அம்மா இதற்குச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளிச்சம் பட்டால் அழிந்துபோகிற ஒருவரோடுதான் நாங்கள் வாழப் போகிறோம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரவு அம்மாவின் சேலையைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கினேன். அடுத்த ஞாயிறு வந்ததும் வயிறு வலிக்கிறது என்றேன். யாரும் நம்பவில்லை.

"இன்னைக்கு அப்பாகிட்ட ரெண்டு வார்த்தை பேசிடு கண்ணு" என்று அம்மா கெஞ்சினார். அம்மாவின் குரலிலும் பயம் இருந்தது.

இருட்டில் அப்பா வந்தார். இம்முறை அவர் கண்களை இடுக்கிக்கொண்டு, எதையோ தேடுபவர்போல முன்னால் குனிந்தார். முகம் வளர்ந்தது. காதுகள் சுவருக்கு வெளியே போயின. கண் ஒவ்வொன்றும் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு ஆயிற்று. என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் சொன்னது: "எங்கம்மா இருக்க? கிட்ட வா."

நான் எழுந்து ஓடினேன். கதவு என்று நினைத்துச் சன்னலில் போய் மோதி, தொங்கிய விரிப்பைப் பற்றி இழுத்தேன். அது அறுந்து என்மேல் விழுந்தது. சித்தப்பா சன்னலைத் திறக்க, சாயங்கால வெயில் கூடம் முழுவதும் பாய்ந்தது. நான் விரிப்பை விலக்கிப் பார்த்தேன். சுவரில் ஆணி மட்டுமே இருந்தது. அப்பாவை அழித்துவிட்டேன் என்று வீறிட்டேன்.

வீட்டுக்கு ஒரு பொருள் வாங்கும்போது, நமக்கு எது எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதையே எல்லோரும் அளக்கிறோம். மறுமுனையில் இருப்பவர் கண்ணுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்க அன்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பா அத்தனை நேரமும் வெறும் இருட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

அம்மா செல்பேசியை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். அதில் அப்பா மறுபடியும் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கியிருந்தார். அழுது வீங்கிய என் முகத்தை வெயிலில் பார்த்ததும் அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள்கள் குலுங்கின. என்னைக் கண்டு அவரும் பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.