நெல்லுக்கு விலகிய சக்கரம்

நாகம்மாளுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிப்போயின. அதன்பின் நாற்பத்து நான்கு ஆண்டுகள், திருவாரூருக்குத் தெற்கே ஓர் ஆற்றங்கரைக் குடியிருப்பில், கைகளை ஊன்றித் தரையோடு தரையாக நகர்ந்தே அவள் வாழ்ந்தாள். வயலுக்குள் அது குறையாகத் தெரிந்ததில்லை. மற்றப் பெண்கள் குனிந்து முதுகு நோக நட்டார்கள். அவள் சேற்றில் அமர்ந்து பின்னோக்கி நகர்ந்தபடியே நட்டாள். களை பறிப்பதில் அவளுக்கு முன்னால் எவரும் கரையேறியதில்லை.

நிலம் மூன்று மா. ஏறத்தாழ ஓர் ஏக்கர். அவளுடைய தந்தை காத்தான் கூலி உயர்வுக்கான அறுவடைப் போராட்டத்தில் அடிபட்டுச் சிறைக்குப் போய்த் திரும்பியபின், விவசாயத் தொழிலாளர் சங்கம் பேசி முடித்துக் குத்தகைக்கு வாங்கித் தந்தது. ஆட்சிகள் மாறின, சுவர்களில் சின்னங்கள் மாறின, குத்தகைப் பதிவேட்டில் காத்தான் பெயர் மட்டும் மாறாமல் இருந்தது. அவர் இறந்ததும் அதைத் தன் பெயருக்கு மாற்றித் தருமாறு நாகம்மாள் மனுக் கொடுத்தாள். நிலத்துக்காரர் சிங்காரவேலு ஆட்சேபித்தார். தன் உடலுழைப்பைச் செலுத்திப் பயிர் செய்பவரே குத்தகைதாரர் என்கிறது சட்டம். நடக்கவே முடியாத பெண் எங்கே உழைத்தாள் என்று அவர் கேட்டார்.

அதற்குப் பதில் சொல்ல அவள் வட்டாட்சியர் முன் நேரில் ஆஜராக வேண்டும். முதல் வாய்தாவுக்கு, படியேறும்வரை பேருந்து நிற்கவில்லை. இரண்டாவதற்கு, வருவதாகச் சொன்ன ஆட்டோ வரவில்லை. மூன்றாவதும் தவறினால் மனு தள்ளுபடி என்று கடிதம் வந்தது. அந்த வாரத்தில்தான், முன்பு விண்ணப்பித்திருந்த பக்கச் சக்கர ஸ்கூட்டர், முகப்பில் முதலமைச்சர் படத்தோடு அரசிடமிருந்து வந்து சேர்ந்தது.

நகரத்தில் பட்டறை வைத்திருந்த லியாகத் அலி ஓட்டக் கற்றுக் கொடுத்தார்.

"அக்கா, இத சைக்கிள் மாதிரி நெனச்சுச் சாயாதீங்க. வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் கொறைங்க. வேகத்தடையில நேரா ஏறுங்க, கோணலா ஏறினா ஒரு பக்கம் தூக்கிடும்."

"பின்னால பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சா?"

"அடிக்கட்டும். அவன் கை வலிச்சா நிறுத்திடுவான். நீங்க தாரை விட்டு மண்ணுல இறங்காதீங்க. இறங்குனா பக்கச் சக்கரம் பொதையும்."

ஆறு நாளில் அவள் ஓட்டப் பழகினாள். புறப்படுமுன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்ப்பாள். ஹேண்டிலில் பை தொங்கவிட மாட்டாள். தலைக்கவசத்தின் வாரைத் தாடைக்குக் கீழே இறுக்கி மாட்டுவாள். எருமை, வேகத்தடை, பள்ளம், பேருந்து என எல்லாவற்றையும் லியாகத் அலி சொல்லிக் கொடுத்திருந்தார். நகரத்து மனிதராகையால் சாலையில் காயும் நெல்லைப் பற்றிச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

மாசி மாதம். விசாரணை பதினொரு மணிக்கு. ஒன்பதரைக்கே அவள் புறப்பட்டாள். வாய்க்கால் ஓரமாகப் போகும் குறுகிய தார்ச்சாலையில், பாதி அகலத்துக்கும் கூடுதலாக நெல் பரப்பியிருந்தது. ஈரப்பதம் அதிகமென்று கொள்முதல் நிலையத்தில் திருப்பியனுப்பிய நெல். சிங்காரவேலுவுடையது. எஞ்சிய இடத்தில் சைக்கிள் போகும். அவளுடைய வண்டியின் அகலத்துக்குப் போதாது. ஒன்று, இடப்பக்கச் சக்கரம் நெல்லின்மேல் ஏற வேண்டும். அல்லது வலப்பக்கச் சக்கரம் வாய்க்கால் கரை மண்ணில் இறங்க வேண்டும்.

மறுகோடியில் நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்த கூலியாள் வைரக்கண்ணு கையை ஆட்டினார்.

"ஏத்திட்டு வா புள்ள. நேரா வா."

அவளும் நேராக வரத்தான் நினைத்தாள். ஆனால் காலில் நெல் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீட்டில் வளர்ந்தவள். முன்சக்கரம் நெல்லை நெருங்கியபோது கை தானாக வலப்புறம் ஒடித்தது. வாய்க்கால் கசிவில் ஊறியிருந்த மண்ணில் பக்கச் சக்கரம் புதைந்தது. அதைத் தாங்கிய இரும்புத் தண்டு வளைந்தது. வண்டி சரிவில் கவிழ்ந்தது. சூடேறிய சைலன்ஸர் அவளது வலது கால்மேல் கிடந்தது. இளம்பிள்ளை வாதம் கால்களின் அசைவைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது, வலியை எடுத்துக்கொள்ளவில்லை. வைரக்கண்ணு ஓடிவந்து வண்டியைப் புரட்டும்வரை அந்தக் காலை அவளால் இழுத்துக்கொள்ள முடியவில்லை.

"அவங்க நெல்லுதானே புள்ள. நசுங்கினா நசுங்கட்டுமே."

"யாரு நெல்லா இருந்தா என்னண்ணே. மணி என்ன?"

"பத்து."

"வண்டி ஓடுமா?"

அவர் வளைந்த தண்டைப் பார்த்தார். பிறகு ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்.

ஆம்புலன்சில் இருந்த பணியாளரிடம் நாகம்மாள் வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தாள். "தாலுக்கா ஆபீஸ்ல அஞ்சு நிமிசம் நிறுத்துங்க தம்பி. மூஞ்சியக் காட்டிட்டு வந்துடுறேன்."

"இது ஆஸ்பத்திரிக்கு மட்டுந்தாம்மா போகும். சதை வெந்திருக்கு, தெரியுதா?"

வண்டி அந்த அலுவலகத்தின் வாசலைக் கடந்துதான் மருத்துவமனைக்குப் போயிற்று. அப்போது மணி பதினொன்றாகப் பத்து நிமிடம் இருந்தது.

பதினாறாம் நாள், லியாகத் அலி தண்டை நிமிர்த்திக் கொடுத்த வண்டியில், காலில் கட்டோடு, அவள் அலுவலகத்துக்குப் போனாள். படிகளில் கை ஊன்றி ஏறினாள். எழுத்தர் ரசியா பேகம் கோப்பை எடுத்து, உத்தரவைத் தாழ்ந்த குரலில் படித்தார்.

"மூன்று முறை அழைத்தும் மனுதாரர் ஆஜராகவில்லை. உடலுழைப்பு நிரூபிக்கப்படவில்லை. மனு தள்ளுபடி செய்யப்படுகிறது."

"அன்னிக்கு நான் இதே தெரு வழியா ஆம்புலன்சுல படுத்துப் போனேங்க."

"ஆஸ்பத்திரிச் சீட்ட அன்னிக்கே யாராவது கொண்டாந்திருந்தா வாய்தா கேட்டிருக்கலாம்மா."

"யாரு இருக்கா கொண்டார?"

ரசியா பேகம் கோப்பை மூடினார். "அப்பீல் போகலாம். முப்பது நாள்ல போடணும். இன்னும் பதினாலு நாள் இருக்கு."

நாகம்மாள் இரண்டு உள்ளங்கைகளையும் மேசை விளிம்பில் மலர்த்தி வைத்தாள். நாற்பது ஆண்டுச் சேறும் வரப்பும் காய்ப்பாய் ஏறிய கைகள். "இதக் காட்டத்தாங்க அன்னிக்குப் பொறப்பட்டேன். பாத்து எழுதிக்கிறீங்களா?"

"நான் பாத்தா செல்லாதும்மா."

மேல்முறையீடு தாக்கலாயிற்று. அது விசாரணைக்கு வருமுன் ஆடி வந்துவிட்டது. சிங்காரவேலுவின் டிராக்டர் இடைவரப்பை வெட்டி, மூன்று மாவையும் அவர் நிலத்தோடு சேர்த்து உழுதது. அந்தச் சம்பாவுக்கு அந்த நிலத்தில் நாகம்மாள் நடவில்லை.