ஐஸ் அக்கா சொன்ன மூன்று வழி

ஆய்வகத்தில் அவளுக்கு ஐஸ் அக்கா என்று பெயர். குழந்தைப்பேறு மருத்துவமனையில் கருக்களை உறைய வைப்பதும் திரும்ப எடுப்பதும் அவள் வேலை. பேச்சும் அதே குளிர்ச்சிதான் என்று கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும், அந்தக் கட்டிடத்தில் கை நடுங்காதவள் அவள் ஒருத்திதான்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. அதே மருத்துவமனையில் கரு வைத்து வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் தங்கவில்லை. இனி யாராவது தங்கள் கருவைக் கொடுத்தால்தான் உண்டு என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். சரி என்று தலையாட்டிவிட்டு மறுநாள் வேலைக்கு வந்தாள் மகராசி.

தங்கைக்கு அங்கேயே கரு உருவாக்கி, பெண் குழந்தை பிறந்தது. ஒரு கரு மிஞ்சியது. அதை உறைய வைத்ததும் அக்காதான்.

"எங்களுக்கு இனி வேண்டாம்க்கா. அந்த மிச்சத்தை என்ன செய்யறது?" என்று ஒரு நாள் தங்கை கேட்டாள்.

அங்கே ஒரு விதி உண்டு. அழித்துவிடலாம், பிள்ளையில்லாத தம்பதிக்குத் தரலாம், ஆராய்ச்சிக்குத் தரலாம் என்று மூன்று வழியையும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். எதன் பக்கமும் கண்ணைக்கூடக் காட்டக்கூடாது. காட்டினால் அது கொடுப்பவர் முடிவாகாது, பிடுங்கியதாகிவிடும். நல்ல விதிதான். ஆனால் கூடப் பிறந்தவளிடம் போய் யாராவது அதை ஒப்பிப்பார்களா? இவள் ஒப்பித்தாள்.  தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு, அந்தக் கருவை எனக்குக் கொடு என்று எந்த முகத்தோடு கேட்பது என்றிருந்தது அவளுக்கு.

தங்கை கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு அவளும் புருஷனும் ஆராய்ச்சிக்கு என்று கையெழுத்துப் போட்டார்கள்.

ஆராய்ச்சிக்குப் போகும் கருவுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எண்ணைப் போட்டவளுக்குத் தெரியாதா? அதைப் பிரிக்கும் வேலையை வேறு ஆளிடம் தள்ளியிருக்கலாம். அது யார் கையிலோ போக வேண்டாம் என்று தானே உட்கார்ந்தாள்.

வெதுவெதுப்பான திரவத்தில் விட்டதும், சுருங்கிக் கிடந்த கரு மெல்ல உப்பியது. ஐந்து நாள் கரு, வெறுங்கண்ணுக்குத் தூசி. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு பந்து. அதன் சுவர் நஞ்சுக்கொடியாகும், உள்ளே ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும் கொத்துதான் பிள்ளையாகும். அந்தக் கொத்தைப் பிரித்தால் ஸ்டெம் செல் கிடைக்கும். இதயமாகவோ நரம்பாகவோ அதை வளர்க்கலாம். கரு அதோடு முடிந்தது. குப்பைக்குப் போவது நாலு நோயாளிக்கு உதவட்டுமே என்பார் டாக்டர். அது உயிர் இல்லையா என்பார் வாசல் காவலாளி. 

லேசரால் சுவரை வெட்டிக் கொத்தை எடுத்தாள். கை நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் பிறகு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போய், முடிந்துவிட்டது என்றாள். அதற்கு வலித்திருக்குமா என்று தங்கை கேட்டாள். நரம்பே உருவாகாத பருவம், வலிக்காது என்று அதே ஆய்வகக் குரலில் சொன்னாள்.

"'எனக்குக் குடுடி'ன்னு நீ ஒரு வார்த்தை கேப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்க்கா. வந்து போற நோயாளிகிட்ட சொல்ற மாதிரி சொல்லி முடிச்சுட்ட. என் பிள்ளை உனக்கு வேண்டாம் போலன்னுதான் கையெழுத்துப் போட்டேன்."

"கேக்கக் கூடாதுடி. அதான் விதி."

"நான் உன் தங்கச்சிக்கா."



ஆய்வகத் தட்டில் அந்தக் கொத்தின் செல்கள் நன்றாகப் பிடித்துக்கொண்டன. நாம் போன பிறகும் இது வளர்ந்துகொண்டே இருக்கும் என்று டாக்டருக்கு ஒரே பெருமை. தினமும் பழைய சத்துநீரை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும், விடுமுறை நாளிலும் யாராவது வந்தாக வேண்டும். ஐஸ் அக்கா அந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மழையானாலும் காய்ச்சலானாலும் அவளே போய் ஊட்டிவிட்டு வருகிறாள்.