மூக்கைத் தொட்டால் ஒரு வரி

என் பெரியப்பாவின் பாட்டை வானொலி ஒருமுறைகூட ஒலிபரப்பியதில்லை. அப்படியும் முப்பது வருடமாக அவருக்கு ரசிகர்கள் இருந்தார்கள். ஜுரு, மாக் மண்டின், பத்து காவான் என்று பினாங்குத் தீவிலிருந்து கடலுக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த அறுபது பேர். புதிதாக யாரும் பெரிதாகச் சேரவில்லை. வந்தவர்கள் யாரும் விலகவும் இல்லை.

பெரியப்பா பகலில் துறைமுகத்தில் குமாஸ்தா. பெரியம்மா இறந்த பிறகு ஜார்ஜ் டவுனில் எங்கள் அடுக்குமாடி வீட்டில்தான் இருந்தார். வேலை முடிந்து வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டு கட்டுவார். அங்கேதான் குரல் கணீரென்று வருமாம். அவருடைய ஏழு கேசட்டுகளும் அங்கேயே பதிவானவை. மூன்றாவது கேசட்டில் அம்மா அவசரமாகக் கதவைத் தட்டுவதுகூடக் கேட்கும். காதலைப் பற்றிப் பாட மாட்டார். விலை போகாத டுரியான் பழத்தைப் பற்றிப் பாடுவார், எட்டாவது மாடியில் மாட்டிக்கொண்ட லிஃப்ட்டைப் பற்றிப் பாடுவார். அவர் பாடும்போது மைக் கூடாது, கைதட்டல் கூடாது, காற்றாடி சுற்றக் கூடாது. பினாங்கு வெக்கையில் அப்படி வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருப்பதை ரசிகர்கள் புண்ணியக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். ஒருமுறை டுரியான் பாட்டின் நடுவில் பெரியப்பா தும்மிவிட்டார். அடுத்த கச்சேரியில் அதே இடம் வந்ததும் கூட்டமே தும்மியது. பைத்தியத்துக்குப் பைத்தியம் துணை என்று அப்பா, தம்பி என்ற உரிமையில் சொல்வார்.

எல்லாவற்றிலும் பெரிய பாட்டு ஃபெரிப் பாட்டு. தீவுக்கும் அக்கரைக்கும் ஓடும் எங்கள் ஃபெரிப் படகுக்கு முன் பின் கிடையாது. திரும்பாமலே போகும், திரும்பாமலே வரும். அதைப் பார்த்துக் கட்டியது. 'போகையிலும் முகம் காட்டுவாய், வருகையிலும் முகம் காட்டுவாய்' என்று ஏறி, ஒரு மூச்சு நின்று, 'முதுகை எங்கே வைத்தாய்?' என்று இறங்கும். அவர் அந்த வரியைப் பாடி முடித்ததும் கூட்டம் திருப்பிப் பாடும்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு சாயங்காலம், குளியலறையில் பாட்டு அந்த வரிக்கு முன்னால் நின்றுவிட்டது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நான் அங்கிருந்தே வரியைக் கத்தினேன். பெரியப்பா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"சும்மா உன்னைச் சோதிச்சேன்லா" என்று சிரித்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வாரம் மூன்று முறை சோதித்தார். அதற்கடுத்த வாரம் சிரிக்காமல் சோதித்தார். பிறகு ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாப்பா, ஞாயித்துக்கிழமை கச்சேரிக்கு என்கூட வா. முன்னாடி உட்காரு. நான் மூக்கைத் தொட்டா அடுத்த வரிய வாயசைச்சுக் காட்டு. சத்தம் வரக் கூடாது. அம்மாகிட்டகூடச் சொல்லிடாத."

"தெரிஞ்சா என்னா ஆகும் பெரியப்பா?"

"பாட்ட மறந்தவனப் பாக்க யாரு வருவா?" என்றார்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. என்னிடம் போய் இந்தப் பொறுப்பு. சனிக்கிழமை இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிறன்று பெரியப்பாவோடு ஃபெரியில் ஏறினேன். கடல் முழுக்க 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டே போனேன். ஒவ்வொன்றின் முடிவிலும் வரி மறக்கக் கூடாது மாதாவே என்று ஒரு விண்ணப்பம். பெரியப்பா பக்கத்தில் நின்று, பசியாறினாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கரை வருவதற்குள் இன்னும் இரண்டு முறை கேட்டார்.

கச்சேரி மாக் மண்டினில், ஒரு ரசிகரின் கார் பட்டறையில். பட்டறை அண்ணன் என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிடுவார்கள். பாதி தூக்கி நிறுத்தியிருந்த ஒரு காடியின் அடியில்வரைக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். பட்டறை அண்ணன் காற்றாடிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். பெரியப்பா பாட ஆரம்பித்தார்.

டுரியான் பாட்டில் ஒருமுறை மூக்கைத் தொட்டார், லிஃப்ட் பாட்டில் இரண்டு முறை. மூன்று தடவையும் நான் வாயசைத்தேன். அவர் சுலபமாகப் பிடித்துக்கொண்டார். என் உயிர் கொஞ்சம் திரும்பி வந்தது. அப்புறம் ஃபெரிப் பாட்டு. போகையிலும் முகம் காட்டினார், வருகையிலும் முகம் காட்டினார், மூக்கைத் தொட்டார்.

நான் வாயைத் திறந்தேன். சத்தமில்லாத உதட்டில் அருள் நிறைந்த மரியே என்று வந்தது.

பெரியப்பாவின் புருவம் சுருங்கியது. நான் வாயை மூடித் திறந்தேன். மறுபடியும் மரியேதான். காலையிலிருந்து வேண்டி வேண்டி, வேண்டுதல் மட்டும் மனதில் நின்று, வரி போயே போய்விட்டது. பெரியப்பா மூக்கைத் தொட்ட விரலை எடுக்கவில்லை. எல்லாம் முடிந்தது, இனி இவர்கள் வரமாட்டார்கள், என்னால்தான் என்று நினைத்தேன். அழுகை முட்டியது.

பட்டறையில் ஒரு சத்தம் இல்லை. பட்டறை அண்ணனின் மனைவி கண்ணை மூடிக்கொண்டு, புருஷனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். தடித்த ஒருவர் தோள் துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார். பின்னால் ஒரு சின்னப் பிள்ளை 'மு' என்று ஏதோ ஆரம்பித்தது. அதன் அம்மா சட்டென்று வாயைப் பொத்தினார். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடிந்த பிறகு, பெரியப்பா எப்படியோ அடுத்த சரணத்தைப் பிடித்துவிட்டார்.

பாட்டு முடிந்ததும் பட்டறை அண்ணன்தான் முதலில் எழுந்து வந்தார்.

"அண்ணே, அந்த இடத்துல சும்மா நின்னீங்க பாருங்க, உடம்பு சிலிர்த்துடுச்சிலா! இனிமே அங்க வரி வேணாண்ணே. அப்படியே விட்டுடுங்க."

பெரியப்பா அவரையே பார்த்தார். "ஆமா, நானும் அதத்தான் யோசிச்சேன்" என்றார் மெதுவாக.

பட்டறை அண்ணனின் மனைவி எனக்கு ஒரு கிளாஸ் இனிப்பான சிராப் தண்ணீர் கொண்டுவந்தார். "பயந்துட்டியாம்மா? ஒன்னுமில்ல, குடி" என்று தலையைத் தடவினார். லாரி ஹாரனைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக் குடித்தேன்.

தப்பித்தோம் என்று திரும்பினேன். கூடவே, மறதிக்கும் கலைக்கும் வித்தியாசம் தெரியாத இந்தக் கூட்டத்தின் மீது எனக்கு ஒரு இளக்காரமும் வந்தது. அதன் பிறகு ஆறு வருடம் பெரியப்பா பாடினார். ஒவ்வொரு பாட்டிலும் ஒரு வரி, அப்புறம் ஒரு சரணம் என்று உதிர்ந்துகொண்டே போனது. ஒவ்வொன்றையும் அவர்கள் கொண்டாடினார்கள். கடைசிக் கச்சேரியில் பாட்டைவிட மௌனம்தான் அதிகம். ஒருவரும் எழுந்து போகவில்லை. நான் முன்வரிசையில், இன்றைக்காவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று விரலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெரியப்பாவை அடக்கம் செய்த அன்று, குழிமேட்டைச் சுற்றி நின்று அவர்கள் ஃபெரிப் பாட்டைப் பாடினார்கள். யார் கையிலும் தாள் இல்லை. அந்த இடம் நெருங்கியதும் நான் பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். யாரும் நிறுத்தவில்லை. முதுகை எங்கே வைத்தாய் என்று அறுபது குரலும் ஒன்றாகக் கேட்டன.

எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று அந்தப் பட்டறையில் அந்த வரி தெரியாமல் இருந்தவர்கள் இரண்டே பேர், பெரியப்பாவும் நானும்.