காய்ச்சியும் மாறாத நீலம்

அந்த மார்கழி முழுவதும் ராமாமணிக்குத் தாகம் அடங்கவில்லை. கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் ஹாஸ்டல் இட்லியைத் தொடாமல் வகுப்புக்கு ஓடுவாள். பசித்தால் டிரங்குப் பெட்டியில் முறுக்கும் உப்புக்கடலையும் இருந்தன. கண்விழித்துப் படிக்க ஃபிளாஸ்க் நிறையக் காப்பி. அடிக்கடி எழுந்து வெளியே போகவேண்டி வந்தது. மாடிப்படி ஏறினால் கால் ஓய்ந்தது.

"உன்னையக் கட்டிக்கறவன் கெணத்தோட சேத்துத்தான் ஊடு பாக்கோணும்" என்று அறைத்தோழி ஜாஹிதா கேலி செய்தாள்.

ராமாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அப்பா கோவிந்தராஜுலுவுக்கும் இப்படித் தாகமும் சோர்வுமாகத்தான் நீரிழிவு தொடங்கியது. அதில் அவர் இடது காலில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

பொங்கல் லீவுக்குக் கிணத்துக்கடவு வந்தாள். ஊரில் இருக்கும் நாளெல்லாம் அப்பாவின் சிறுநீரைச் சோதிப்பது அவள் வேலை. டாக்டர் கொடுத்த நீல மருந்தில் சில சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சவேண்டும். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம் உண்டு. செங்கல் நிறம் என்றால் மிக அதிகம். அப்பாவுக்குக் கொஞ்ச நாளாகச் செங்கல் நிறம்தான்.

"களியும் கீரையுந்தான் போடறேன். எங்கிருந்துதான் ஏறுதோ" என்று அம்மா ரங்கம்மாள் அலுத்துக்கொண்டாள்.

அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரத்தில், ராமாமணி அலமாரியில் கிடந்த பழுப்புநிறக் காலிப் புட்டி ஒன்றை அவசரமாக அலசித் தன்னுடையதைப் பிடித்தாள். காய்ச்சினாள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறமாகக் குழாயின் அடியில் படிந்தது.

அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் அவள். இது தெரிந்தால் படிப்பு அன்றோடு முடிந்துவிடும். குழாயைக் கழுவி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலை அவள் ஒதுக்கி வைத்ததைக் கோவிந்தராஜுலு பார்த்தார்.

"எனக்குத்தான் விதி. உனக்கென்ன கண்ணு? என்ற நீல மருந்தும் புட்டில எறங்கிக் கெடக்குது."

அதற்கு மேல் அவளால் மறைக்க முடியவில்லை. "செவந்துபோச்சுங்க நைனா" என்றவள் அழுதுவிட்டாள்.

ரங்கம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "காலேசும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்கே போயிப் பொட்டியத் தூக்கிட்டு வந்தரலாம்."

"இரு" என்று கோவிந்தராஜுலு தடுத்தார். "எதுல புடிச்சே அம்மணி?"

ராமாமணி அந்தப் புட்டியைக் கொண்டுவந்து காட்டினாள். அதைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மனைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் பாடு தப்பியிருக்கும்.

"இது தேன் புட்டி, கண்ணு. ஒட்டிக் கெடந்த தேன்தான் செவந்திருக்குது."

"தேனா?" ரங்கம்மாள் திரும்பினாள். "நம்மூட்டுக்குத் தேன் எப்பங்க வந்துச்சு?"

"தொண்டாமுத்தூர் போனப்ப மலைத்தேன்னு குடுத்தாங்க. வெரல்ல தொட்டுத்தான் பாத்தேன்."

"தொட்டுத் தொட்டே புட்டி காலியாயிருச்சுங்களா?"

அவர் மகள் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரு டம்ளரக் கொதிக்கற தண்ணில கழுவிப்போட்டு மறுக்காப் பாரு, போ" என்று அவளை விரட்டினார்.

மூன்று பேரும் விளக்கைச் சுற்றி உட்கார்ந்தார்கள். குழாய் கொதித்துப் பொங்கியது. நீலம் நீலமாகவே நின்றது. ராமாமணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கோவிந்தராஜுலு குழாயை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"காச்சுன பொறகும் இப்பிடி நிக்குமா? என்றது ஒருநாளும் நின்னதில்லையே."

கோயமுத்தூர் திரும்பியதும் லேடி டாக்டரிடமும் காட்டினாள். அங்கேயும் நீலம்தான்.

"இப்ப இல்லைம்மா. அப்பாவுக்கு இருக்கறதால, இனிமேலும் வராதுன்னு நான் சொல்லமாட்டேன். காலையில சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, நல்லா நட. உப்பையும் காப்பியையும் கொறச்சாத் தாகமும் கொறையும்."

அவள் ஊரிலிருந்து கிளம்புமுன்பே ரங்கம்மாள் வீட்டையே புரட்டி, பஞ்சு மூட்டைக்குப் பின்னால் இன்னொரு தேன் புட்டியைக் கண்டுபிடித்திருந்தாள். "ஜாஹிதாவுக்குக் குடு" என்று மகளிடமே கொடுத்தனுப்பினாள். பஸ் கிளம்பும்வரை கோவிந்தராஜுலுவின் கண் மகளின் கைப்பையிலேயே இருந்தது.

டாக்டரைப் பார்த்த மறுநாள் காலை ஹாஸ்டல் மெஸ்ஸில் ஜாஹிதா இட்லியில் அந்தத் தேனைக் கொட்டிக்கொண்டாள். ராமாமணி சட்னியைத் தொட்டு நாலாவது இட்லியைப் பிட்டாள்.

"மெதுவாத் தின்னு புள்ள. கெணறு இங்கதான் இருக்குது, எங்கயும் போகல" என்றாள் ஜாஹிதா.

இந்தத் தடவை ராமாமணிக்குச் சிரிப்பு வந்தது. வாயில் இட்லி இருந்ததால் புரையேறிவிட்டது.