சாவியை உருவிய பிறகு ஒரு நிமிடம்

பேய் என்றால் ராத்திரிதான் வர வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை. இது ஞாயிற்றுக்கிழமை காலையில், நல்ல வெளிச்சத்தில் நடந்தது. நிஜமாகவே நடந்தது. என் மனைவியின் தம்பிக்கு நடந்தது. அவன் பல் டாக்டர். பேய், பிசாசு என்று பேச்செடுத்தால் அந்தப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டான். நம்பினால் நம்புங்கள். ஆனால் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கடைசி வரை கேளுங்கள்.

டாக்டருக்கு ஒரே ஒரு பைத்தியம். கார். பழைய வண்டி விற்பவர் ஒருவரிடம் அந்தக் கறுப்புக் காரைப் பார்த்த அன்றே விழுந்துவிட்டான். யாரோ ரசித்து ரசித்து மாற்றிக் கட்டிய வண்டி. எஞ்சினுக்குக் காற்றை ஊதி வேகம் ஏற்றும் பெரிய டர்போ, தரையை உரசுகிற மாதிரி இறக்கிய உடம்பு, கை நுழைகிற அளவுக்கு சைலன்சர். எடை குறைய வேண்டும் என்று பின்சீட்டையே பிடுங்கி எறிந்திருந்தார்களாம். அப்போ நாங்கள் எல்லாம் டிக்கியில் உட்கார வேண்டுமா என்று என் மனைவி கேட்டாள். தம்பி காதில் வாங்கவில்லை.

எஞ்சினில் கை வைக்க அவனுக்குத் தெரியாது. ஆனால் துடைப்பான் பாருங்கள்! சக்கரத்தின் போல்ட் இடுக்குகளைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்ப்பான். வாயைத் திறங்கள் என்று சொல்லாத குறைதான். ஞாயிறு விடிந்ததும் காலியான புறவழிச் சாலைக்கு ஓட்டிப்போவான். மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு டர்போ 'ஸ்ஸ்ஸ்' என்று மூச்சை இழுக்கும். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். என்னையும் ஒருமுறை ஏற்றிப்போனான். கண்ணை இறுக மூடிக்கொண்டதும் நான்தான். இன்னொரு ரவுண்டு போகலாமா என்று கேட்டதும் நான்தான்.

இந்த மாதிரி வண்டியை விரட்டிவிட்டு வந்து உடனே அணைக்கக் கூடாது. டர்போ கொதித்துக்கொண்டிருக்கும், கெட்டுப்போகும். கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே ஓடி ஆற வேண்டும். அதற்கென்றே ஸ்டீயரிங் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு டைமர் ஒட்டியிருந்தது. சாவியை உருவிவிட்டாலும் எஞ்சின் ஓடும். பெட்டியில் சிவப்பு எண்கள் ஒரு நிமிடத்திலிருந்து இறங்கும். பூஜ்யம் வந்ததும் தானாக அணையும்.

டாக்டரின் மகளுக்கு ஐந்து வயது. வாண்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அப்பா வந்ததும் ஓடிப்போய் முன்சீட்டில் ஏறிக்கொள்வாள். எண்கள் இறங்க இறங்க டாஷ்போர்டைத் தட்டிக்கொடுப்பாள். எஞ்சின் அடங்கியதும்தான் இறங்குவாள். அதற்கு அவள் வைத்த பெயர், 'காரைத் தூங்க வைக்கிறது'. அப்பாவும் மகளும் மட்டும் விளையாடும் விளையாட்டு.

பக்கத்து வீட்டு நர்ஸ் இரவு வேலை முடித்து அப்போதுதான் படுப்பார். ஒருநாள் வந்து, ஞாயிற்றுக்கிழமையாவது மனுஷியைத் தூங்க விடுங்கள் என்று பாவமாகக் கேட்டார். டாக்டருக்கு வெட்கமாகிவிட்டது. அதிலிருந்து வண்டியை வீட்டோடு ஒட்டிய ஷெட்டுக்குள் விட்டதும் ஷட்டரை இறக்கிவிடுவான். புகை போக ஒரு சாண் இடைவெளி விடுவான். ஒரு நிமிடம்தானே என்ற நினைப்பு.

முதலில் கண்ணில் பட்டது கண்ணாடி. பின்பக்க ஜன்னலின் உள்பக்கத்தில், கீழ் ஓரத்தில், உள்ளங்கை அளவுக்கு ஆவி படிந்திருந்தது. துடைத்தான். கைகழுவி வந்து பார்த்தால் மறுபடியும் அதே இடத்தில்.

அடுத்து டைமர். ஒரு நிமிடம் கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு நிமிடம். அடுத்த ஞாயிறு மூன்றரை. வர்ற மாதம் சர்வீசுக்கு விடும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

அன்றைக்கு வாண்டு உதட்டில் விரல் வைத்தாள்.

"அப்பா, சத்தம் போடாதீங்க. அக்கா தூங்கட்டும்."

"எந்த அக்கா?"

பின்னால் கை காட்டினாள். வெறும் தகரம். சீட்டு இருந்த இடத்தில் நான்கு போல்ட் ஓட்டைகள். டாக்டர் சிரித்துவிட்டான். என்னிடமும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அதற்கடுத்த ஞாயிறு. விடிந்ததிலிருந்து மழை. வண்டியை உள்ளே விட்டான். ஷட்டரை இறக்கினான். ஒரு சாண் விட்டான். அதை அவனே சத்தியம் செய்து சொன்னான். வாண்டு ஏறிக்கொண்டாள். சாவியை உருவினான். துடைக்கும் துணி கூடத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்து வர உள்கதவு வழியாக வீட்டுக்குள் போனான்.

மனைவி காபியை நீட்டினாள். நின்றபடியே குடித்தான். ஏதோ பேசினார்கள். மழைச் சத்தம். அதற்கு அடியில் இன்னொரு சத்தம்.

குடு... குடு... குடு...

டம்ளர் பாதி காலியாகியிருந்தது. எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஏழு நாற்பத்திரண்டு. அவன் உள்ளே வந்தது ஏழரைக்கு.

ஓடினான்.

உள்கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. ஷட்டரைப் பார்த்தான். இடைவெளி இல்லை. தரையோடு தரையாக மூடியிருந்தது.

"வாண்டு!"

முன்சீட்டில் யாரும் இல்லை.

பின்னால்... வெறும் தகரத்தில் சுருண்டு படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. தலை மட்டும் தரையில் படவில்லை. எதன்மேலோ வைத்த மாதிரி, கொஞ்சம் உயரத்தில் நின்றது.

கதவை இழுத்தான். பூட்டியிருந்தது. சாவி அவன் கையில். போட்டான். திருகினான். திரும்பவில்லை.

டைமரில் சிவப்பு எண்கள். ஒரு நிமிடம். இறங்கவே இல்லை.

வீல் ஸ்பானரை எடுத்து அடித்தான். ஒரு அடி. இரண்டு. கண்ணாடி சிதறியது. கையெல்லாம் ரத்தம். பிள்ளையை அள்ளினான்.

ஏதோ ஒன்று, அவளை விடாமல் பிடித்திருந்தது.

ஒரே ஒரு கணம்.

பிறகு விட்டது.

எஞ்சின் நின்றது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த ஆஸ்பத்திரி டாக்டர், பாதியில் நிறுத்திக்கொண்டார். கடவுள் புண்ணியம், சாயங்காலம் வாண்டு கண் விழித்தாள். தண்ணீர் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அக்கா மடி ஜில்லுனு இருந்துச்சுப்பா."

மறுநாள் நானும் அவனும் அந்த வண்டியை இழுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனோம். முதல் வேலையாக டைமரைப் பிடுங்கி எறியச் சொன்னான். மெக்கானிக் குனிந்து பெட்டியைப் பெயர்த்தார். திருப்பிப் பார்த்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"இதுக்கு ஒயரே இல்லையே, டாக்டர்."

பின்பக்கம் வெட்டிய நுனிகள் மட்டும் இருந்தன. தூசி படிந்து, பச்சை பூத்து, எப்போதோ வெட்டியவை. எண் எரிய வழியே இல்லை என்றார். சாவியை உருவினால் அடுத்த நொடி எஞ்சின் நின்றுவிடும் என்றும் சொன்னார்.

வண்டியைக் கட்டியவரை மெக்கானிக்குக்குத் தெரியும். போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். எந்த வண்டி என்று அந்த ஆள் இரண்டு முறை கேட்டார். பிறகு மெல்லச் சொன்னார். ஒயரை வெட்டியது முதல் சொந்தக்காரராம். தன் கையாலேயே வெட்டினாராம். அதற்கு முந்தின நாள்தான் அவர் மகளை அடக்கம் செய்திருந்தார்களாம். ஏழு வயது. ஷட்டர் மூடியிருந்ததாம். அப்பா உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தாராம். அப்போது பின்சீட்டு இருந்தது. பிள்ளை அதில்தான் கிடந்தாளாம். அப்புறம்தான் சீட்டைப் பிடுங்கினார்களாம்.

"தினமும் அந்தக் கொழந்த அதுல ஏறி உக்காந்துக்கும் சார். காரைத் தூங்க வைக்கிறேன்னு சொல்லும்."

டாக்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டான். அந்த வார்த்தையை அதுவரை அவன் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடம்கூட.

அந்த வாரமே வண்டியை உடைக்கக் கொடுத்துவிட்டான். தகரமாக நசுங்கும் வரை கூடவே நின்று பார்த்தான். இப்போது வைத்திருப்பது பேட்டரி கார். சத்தமே கிடையாது. பின்சீட்டு இருக்கிறது. ஷட்டரைக் கழற்றி எறிந்துவிட்டான். போன ஞாயிறு காலை வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். வாண்டு பின்னாலிருந்து இறங்கவில்லை. யாரையோ தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இருங்கப்பா... அக்கா இன்னும் தூங்கல."