யோகம் அக்காவின் வதிவிடம்

அன்று காலை எட்டரை மணிக்கு ஒரு ஜெர்மன்காரர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "மாஸ்டரா?" என்று கேட்டார். யோகம் அக்கா என்னை அப்படியே கூப்பிடுவதால் அதுதான் என் பெயர் என்று அவர் நினைத்திருந்தார். கால்வாயில் அக்கா குடியிருந்த படகுக்குப் பக்கத்துப் படகில் இருப்பவர். எட்டு மணியாகியும் அக்காவின் புகைபோக்கியில் புகை வரவில்லை, எட்டேகாலுக்குப் போய்க் கதவைத் தட்டினேன் என்றார். கதவு திறக்கவில்லை, நீங்கள் வாருங்கள் என்றார். அவர் சொல்லாமல் விட்டதை நான் விளங்கிக்கொண்டேன்.

யோகம் அக்கா என்ற யோகேஸ்வரி சுன்னாகத்தில் பிறந்தவர். ஜெர்மனியில் மூன்ஸ்டர் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் முப்பது வருடம் வேலை செய்தவர். கணவர் முன்னரே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நான் மேல்வகுப்பு எடுத்தேன், அவர் பாலர் வகுப்பு எடுத்தார். இந்தப் பள்ளி மலரை வாசிக்கும் உங்களில் பலருடைய பிள்ளைகளுக்குக் கைபிடித்து 'அ' எழுதுவித்தவர் அவர்தான். அப்படிப்பட்டவரைப் பற்றி நீங்கள் ஒரு பொய்யை நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அதை எழுதிக் கொடுத்தவன் நான். ஆகவே திருத்த வேண்டியவனும் நான்தான்.

எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முதல் வேலை மரண அறிவித்தல் எழுதுவது. எங்கே பிறந்தார், எங்கே வாழ்ந்தார் என்று அது தொடங்கும். இந்த ஊரில் அதை எழுத என்னிடம்தான் வருவார்கள். அக்காவுக்கும் அன்று மாலையே எழுதினேன்: சுன்னாகத்தைப் பிறப்பிடமாகவும், ஜெர்மனி மூன்ஸ்டர் கால்வாயில் 'மார்கரெட்' என்னும் படகை வதிவிடமாகவும் கொண்ட திருமதி யோகேஸ்வரி. எழுதி அவருடைய தம்பி சிறிக்கு அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் சிறி அழைத்தார்.

"மாஸ்டர், உதென்ன எழுதியிருக்கிறியள்? மார்கரெட் ஆர்?"

படகின் பெயர்தானே, உமக்குத் தெரியும்தானே என்றேன்.

"சைவ வீட்டு அறிவித்தலில வெள்ளைக்காரப் பொம்பிளையின்ர பேரோ? அதை விடுங்கோ. வீட்டை விட்டு ஓடி வந்த சனம் நாங்கள். கடைசியிலயும் வீடில்லாமல் செத்தா எண்டு ஊரெல்லாம் வாசிக்கோணுமோ? பதிவில எங்கட விலாசம்தானே இருக்கு. மூன்ஸ்டர் எண்டு மட்டும் போடுங்கோ."

அழுகிற குரலோடு எப்படி வாதாடுவது? படகை வெட்டிவிட்டு மூன்ஸ்டர் என்று மட்டும் போட்டு, கீழே தம்பியின் விலாசத்தையும் சேர்த்துக் கொடுத்தேன்.

பதிவில் தம்பியின் விலாசம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். படகை வாங்கியவுடன் அக்கா டெர்மின் எடுத்து, அதாவது முன்கூட்டியே நேரம் குறித்து, விலாசம் பதியும் அலுவலகத்துக்குப் போனார். படகுக்கு வீட்டு இலக்கம் இல்லை, பதிய முடியாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அவர் திரும்பி வந்து ஒரு தகரத் துண்டில் வெள்ளைப் பெயின்டால் 1 என்று எழுதி முன்கதவில் அறைந்தார். "சின்ன இலக்கத்தில தொடங்குவம், மாஸ்டர். தெரு வளரட்டும்" என்றார். அடுத்த கிழமை பக்கத்துப் படகுக்காரர் தன் கதவில் 2 என்று எழுதினார். அதன் பிறகும் பதிவு கிடைக்கவில்லை. கடிதங்கள் வந்து சேர ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத் தம்பியின் விலாசத்தைக் கொடுத்தார். படகில் வாழ்ந்த பதினொரு வருடத்தில் அந்த வீட்டில் அவர் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை.

செத்த வீட்டு மண்டபத்தில் நான் கேட்டவை இவை. "பாவம், தனிச்சுப் போனா, பார்க்க ஆளில்லை." "ஆனா தம்பி விடேல்லை, கடைசி மட்டும் வீட்டில வைச்சுப் பார்த்தவர்." ஒருவர் சிறியின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் போல ஒரு தம்பி எல்லாருக்கும் கிடைக்காது என்றார். சிறி தலைகுனிந்து நின்றார். இல்லை என்று சொல்லவில்லை. பின்வரிசையில் பக்கத்துப் படகுக்காரரும் இன்னும் மூன்று படகுக்காரர்களும் இருந்தார்கள். அக்காவின் செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கியைப் பக்கத்துப் படகுக்காரர் கொண்டுவந்து சவப்பெட்டியின் காலடியில் வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அது அங்கே இல்லை. வாசலில், நாங்கள் குளிர்ச்சட்டை கொழுவுகிற இடத்தில் தொங்கியது. அந்த மனிதர் அதைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு வெளியே போய்விட்டார். அதிலிருந்து எனக்கு நித்திரை சரியாக இல்லை. கவலையைவிடக் கோபம்தான் பெரிதாக இருக்கிறது.

தனிச்சுப் போனாராம். நாற்பது குடும்பம் இருக்கும் மாடி வீடுகளில் ஒருவர் இறந்தால் மற்றவருக்கு எப்போது தெரியவரும் என்று நீங்களே யோசியுங்கள். கடிதப்பெட்டி நிரம்பி வழிந்த பிறகு தெரியவரும். கால்வாயில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் எழுந்தவுடன் பக்கத்துப் படகின் புகைபோக்கியைப் பார்ப்பார்கள். அக்காவிடமிருந்து நான் கற்ற முதல் பாடம் அதுதான். "முதல் மற்ற ஆளின்ர புகையைப் பார்க்கோணும். பிறகுதான் உங்கட தேத்தண்ணி." எட்டு மணிக்குப் புகை இல்லை, எட்டேகாலுக்குக் கதவில் ஆள் நிற்கிறார். எங்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு கால் மணித்தியாலம் கிடைக்கும்?

வீடில்லாமல் இருந்தாராம். அவர் பணம் இல்லாமல் படகுக்குப் போகவில்லை, ஆள் இல்லாமலும் போகவில்லை. ஏன் போகிறீர்கள் என்று அப்போது நானும் கேட்டேன், கொஞ்சம் ஏளனமாகவே கேட்டேன். அவர் சொன்னது: "முப்பது வருஷம் மற்ற ஆக்களின்ர யன்னலைத் துறந்து பூட்டினனான், மாஸ்டர். ஒவ்வொருத்தரும் ஒரே மரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்து செத்தவை. எனக்கு அசையிற யன்னல் ஒண்டு வேணும்."

அந்த யன்னலை அவர் தேடிப்பிடித்தார். இங்கிலாந்தில் கட்டி, யாரோ கடல் கடந்து கொண்டுவந்த இரும்புப் படகு. பதினைந்து மீற்றர் நீளம். அகலம் இரண்டு மீற்றருக்குச் சற்று அதிகம், ஓர் ஒடுங்கிய ஒழுங்கைத் தெருவை மூடிக் கூரை போட்டதைப் போல. கிணற்றைத் தவிர வேறு தண்ணீரைக் கண்டு வளராத சுன்னாகத்துப் பெண், அறுபத்து மூன்று வயதில் ஜெர்மன் மொழியில் சோதனை எழுதிப் படகோட்டும் பத்திரம் எடுத்தார். எங்கள் மண்டபத்தில் இதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அவர் படகில் வாழ்ந்த விதத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இருபது கிலோ அரிசி மூட்டையை நான் ஒருமுறை வாங்கிக்கொண்டு போய், வாசலுக்கு வலப்பக்கத்தில் வைத்தேன். அக்கா தேநீர் ஊற்றினார். கோப்பையைக் காட்டி, இதில் என்ன பிழை என்று கேட்டார். தேநீர் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அப்படிப்பட்ட படகில் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் பார்த்து வைக்க வேண்டும். அரிசி ஒரு பக்கம் என்றால் பருப்பும் மாவும் மற்றப் பக்கம். அரிசி குறையக் குறைய மாவை நடுவுக்கு நகர்த்துவார். "தேத்தண்ணி சரிஞ்சால் படகைப் பேசக் கூடாது. அரிசியை மாத்தோணும்" என்பார்.

பனிக்காலத்தில் கறி காய்ச்சும்போது யன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைப்பார். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டால் ஆவி இரும்பில் பட்டுத் தண்ணீராகிப் படுக்கையில் சொட்டும், பிறகு பூஞ்சணம் பிடிக்கும். அடுப்பு எரியும் இடத்தில் காற்று வராவிட்டால் நித்திரையிலேயே ஆள் போய்விடலாம். நச்சுப்புகைக்கு ஒரு கருவி கூரையில் இருந்தது. அதன் மின்கலத்தை ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை சோதித்த பிறகுதான் பள்ளிக்கு வருவார். இப்படிப்பட்ட ஒருவரைத்தான் தன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரியாத கிழவி என்று பேசினீர்கள்.

நான் அவருடன் போன முதல் பயணத்தில் ஒரு பெரிய பிழை விட்டேன். கால்வாயில் படகுகளை ஏற்றி இறக்குவதற்குக் கதவு போட்ட ஆழமான தொட்டிகள் உண்டு, ஷ்லொய்ஸ என்போம். உள்ளே போய், சுவரில் உள்ள இரும்பைச் சுற்றிக் கயிற்றைப் போட வேண்டும். பிறகு தண்ணீரை வெளியே விடுவார்கள், படகு கீழே இறங்கும். அக்கா என்னிடம் கயிற்றைத் தந்துவிட்டு இயந்திரத்தைப் பார்க்கப் போனார். நான் நல்ல பிள்ளையாக அதைப் படகில் இறுக்கிக் கட்டினேன். கட்டினால்தானே பத்திரம்! தண்ணீர் இறங்கியது, படகு இறங்கவில்லை. கயிறு கம்பி போல விறைத்தது, தரை சரிந்தது, உள்ளே பீங்கான்கள் விழுந்து உடைந்தன. அக்கா கதவடியில் எப்போதும் தொங்கும் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரே வெட்டு. படகு ஒரு சாண் விழுந்து, ஆடி, நிமிர்ந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. படகில் இருந்த இரண்டாவது கயிற்றை இரும்பில் சுற்றித் தானே பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் என் முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே கழற்றி என்னிடம் தந்தார். "இறங்கேக்க கட்டக் கூடாது, மாஸ்டர். பிடிச்சுக்கொண்டு நிக்கோணும். தண்ணி இறங்க இறங்க விட்டுக் குடுக்கோணும்." பிறகு சிரித்தார். "உங்கட பிள்ளையளுக்கும் இப்பிடித்தான் படிப்பிச்சனீங்களோ?"

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அக்காவைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று சிறி கேட்டார். நல்லதாக இரண்டு பக்கம், படகுக் கதையை விட்டுவிட்டு. நான் இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், அவர் முன்னால் இருந்து வாசித்தேன். மண்டபத்தில் அந்தப் புகழ்ச்சியை அவர் மறுக்காமல் நின்றதையும் வாசித்தேன். முடிந்ததும் சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து அறைக்குள் போய், அந்த உயிர்காப்பு அங்கியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இதை எடுத்துக் கொழுவினது நான்தான். பார்க்க ஏலாமல் போச்சுது. அவவுக்கு நீச்சல் தெரியாது, மாஸ்டர். இதை வாங்கிக் குடுத்ததும் நான்தான். பதினொரு வருஷம் போன் அடிக்கிற நேரமெல்லாம் இதுதான் நினைப்பு."

உடுப்புக் காயப்போடும்போதுகூட அக்கா அதைக் கழற்றியதில்லை, நான் பார்த்திருக்கிறேன் என்றேன். தெரியும் என்றார். அப்படியானால் ஏன் பொய் சொல்ல வைத்தீர் என்று கேட்டேன். அவர் அங்கியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பயந்தது அவர், அறிவித்தல் அக்காவுடையது. படகில் வாழ்ந்த காலம் முழுக்க ஓரிடத்தில் கட்டுப்படாமல் இருந்த பெண்ணை, வாய் திறந்து மறுக்க முடியாத நாள் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் ஒரு விலாசத்தில் இறுக்கிக் கட்டிவிட்டோம்.

நான் புறப்படும்போது, இதைப் பள்ளி மலரில் போடுங்கோ என்று சிறி சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "அந்த மார்கரெட்டை மட்டும் விடலாமே, மாஸ்டர்?" என்றும் கேட்டார். விட முடியாது என்றேன்.

ஆகவே இது திருத்தம். சுன்னாகத்தைப் பிறப்பிடமாகவும், ஜெர்மனி மூன்ஸ்டர் கால்வாயில் முதலாம் இலக்க 'மார்கரெட்' படகை வதிவிடமாகவும் கொண்ட திருமதி யோகேஸ்வரி, தன் வீட்டில் காலமானார். முன்னைய அறிவித்தலை வைத்திருப்பவர்கள் அதைக் கிழித்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று அவர் கழற்றித் தந்த கயிற்றுத் துண்டு என் மேசையில் இருக்கிறது. ஒரு முழம் இருக்கும். ஒரு முனை கத்தி பட்டு நேராக இருக்கிறது, மறு முனையில் நான் போட்ட முடிச்சு. அதை அவிழ்க்கப் போவதில்லை. பிழையை அழித்துவிட்டுத் திருத்தத்தை மட்டும் கொப்பியில் வைத்திருக்கும் மாணவனை நான் ஒருநாளும் மெச்சியதில்லை.