நாகலெட்சுமி உண்டாக்கிய மண்

மண்சரிவில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் பின்சுவர் இடிந்து விழுந்த பிறகு, அக்கரப்பத்தனைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு குடும்பங்களுக்குப் புது வீடு கிடைத்தது. ஆளுக்கு ஏழு பேர்ச் நிலம், தனி வாசல், தனிக் குழாய். சாவி கைக்கு வந்ததும் எல்லோரும் வீட்டுக்குள் போனார்கள். நாகலெட்சுமி மட்டும் பின்பக்கம் போனாள். பதினெட்டு வருஷம் கொழுந்து பறித்தவள். லயத்தில் இருந்தவரை சுவருக்கும் தண்ணீர் ஓடும் கானுக்கும் நடுவில் நாலு புதினாச் செடி வைக்கத்தான் அவளுக்கு இடம் இருந்தது.

பின்பக்கம் பார்த்ததும் முகம் சுருங்கிப்போனது. மெஷின் வைத்து மலையை வெட்டிச் சமன்படுத்திய இடம் அது. மேல்மண் முழுவதையும் பள்ளத்தில் தள்ளிவிட்டிருந்தார்கள். மிஞ்சியது வெறும் மஞ்சள் களி. மழை பெய்தால் வழுக்கும், நாலு நாள் வெயில் அடித்தால் இரும்பு அலவாங்கே உள்ளே இறங்காது. அவள் போட்ட முதல் கரட் கிழங்கு, மூன்று மாதம் கழித்துக் கட்டைவிரல் நீளத்தில் இரண்டு கால் பிரிந்து வெளியே வந்தது.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா வேலியோரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏன் தங்கச்சி வீணா கெடந்து சாகுற? பேசாம சீமெந்து போட்டு மெழுகிரு. துணியாவது காயப்போடலாம்."

புருஷன் ஆண்டியப்பன் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்பவன். அவன் ஒரு பை உரம் வாங்கி வந்து போட்டான். அடுத்த மழை அதையும் அடித்துக்கொண்டு போனது.

ஒருநாள் மலையில் கொழுந்து பறிக்கும்போது நாகலெட்சுமிக்குக் கால் சறுக்கியது. விழாமல் இருக்கக் கையை ஊன்றினாள். கானோரம் வருஷக்கணக்காக மர இலைகள் விழுந்து சேர்ந்த இடம் அது. கை மணிக்கட்டு வரைக்கும் பொதுக்கென்று உள்ளே போனது. எடுத்துப் பார்த்தாள். கறுப்பாக, ஈரமாக, பிசைந்தால் உதிர்கிற மாதிரி இருந்தது. எது இலை, எது மண் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அப்படியே நின்றுவிட்டாள். இங்கே யாரும் உரம் போடவில்லை, யாரும் கொத்தவும் இல்லை. இலை விழுந்தது, கிடந்தது, மண்ணானது.

மறுநாள் சாயந்தரம் தோட்ட மேனேஜர் துரையின் பங்களாவில் தோட்டவேலை பார்க்கும் செல்லசாமியிடம் போனாள். அவர் தினமும் இலையைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துவார்.

"அண்ணே, இனிமே இந்தக் குப்பையக் கொளுத்தாதீங்க. நான் எடுத்துக்கிறேன்."

"எதுக்கும்மா, அடுப்பெரிக்கவா?"

"மண்ணு செய்யப் போறேண்ணே."

செல்லசாமி சிரித்தார். ஆனால் கொளுத்துவதை நிறுத்திவிட்டார்.

அன்று தொடங்கியது. பகல் முழுக்கக் கூடை சுமந்த அதே தலையில், சாயந்தரம் ஒரு சாக்கு இலை. பங்களாவிலிருந்து வீடு வரைக்கும் ஏற்றம்தான். பழைய வலையை நாலு கம்பில் கட்டி, அதற்குள் கொட்டி மிதித்தாள். காய்ந்தால் தண்ணீர் தெளித்தாள், மாதம் ஒருமுறை புரட்டினாள். ஆரம்பத்தில் யூகலிப்டஸ் இலையையும் சேர்த்துப் போட்டுவிட்டாள். ஆறு மாதமாகியும் அது தோல் மாதிரி அப்படியே கிடந்தது. அத்தனையையும் கையால் பொறுக்கி வீசினாள். அந்த வேலைக்கே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

"குப்பைக்காரி" என்று பெயர் வைத்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெயரோடு விட்டிருந்தால் பரவாயில்லை. யாரோ பெட்டிஷன் எழுதிப் போட்டுவிட்டார்கள். குவியலில் பாம்பு அடைகிறது, தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகுகிறது என்று புகார். சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, அந்தப் பெட்டிஷனை அவளிடம் நீட்டினார். சிங்களவர், வயதில் இளையவர். வீட்டுக்கு வீடு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நாகலெட்சுமி அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். தெரிந்த சிங்களத்தில், "பாருங்க மாத்தயா, நீங்களே கிண்டிப் பாருங்க" என்று சொல்லி மண்வெட்டியை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் குவியலின் அடியில் கொத்திப் புரட்டினார். பாம்பும் இல்லை, தேங்கிய தண்ணீரும் இல்லை. மண்புழு நெளிந்தது. மழை நின்ற காட்டில் வருமே, அந்த வாசனை வந்தது. அவர் ஒரு பிடி எடுத்து முகர்ந்தார்.

"எத்தனை மாதம்?" என்றார்.

"பதினாலு மாசம், மாத்தயா."

"இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு, எதையும் எழுதாமல் வண்டியைக் கிளப்பினார்.

இன்னும் நாலு மாதம் பொறுத்தாள். பிறகு களியைக் கொத்தி, மக்கிய இலையைப் பாதிக்குப் பாதி கலந்து, கொஞ்சம் மாட்டெருவும் போட்டுப் பாத்தி கட்டிக் கரட் விதைத்தாள். அந்த வருஷம்தான் நாடு முழுக்க ரசாயனப் பசளை கிடைக்காமல் போனது. தோட்டத்தைச் சுற்றிப் போஞ்சிக் கொடியும் உருளைக்கிழங்கும் மஞ்சளடித்து நின்றன. நாகலெட்சுமியின் பாத்தியில் மழைத்தண்ணீர் ஓடாமல் உள்ளே இறங்கியது. வெயில் நாளிலும் விரல் விட்டால் ஈரம் தெரிந்தது. ஆண்டியப்பன் முதல் கரட்டைப் பிடுங்கினான். ஒரு சாண் நீளம், கோணல் இல்லை. இன்னொன்றைப் பிடுங்கினான், பிறகு இன்னொன்று. "போதுங்க, விதைச்சது நானு" என்று அவள்தான் நிறுத்த வேண்டியிருந்தது. டவுனில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் லாபிர் அந்தக் கரட்டைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்தத் தோட்டத்து மண்ணும்மா?" என்று கேட்டார். "நான் செஞ்சதுங்க" என்றாள்.

ஒரு வாரம் கழித்துப் பேச்சியம்மா கூடையோடு வேலியோரம் வந்து நின்றாள்.

"அந்தப் பெட்டிஷன் போட்டது நான்தான் தங்கச்சி."

"தெரியும்க்கா. ஒங்க மகளோட கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலையே நீ."

"கேட்டு என்ன ஆகப் போகுது? கூடையக் கொண்டாங்க."

தனக்கென்று வைத்திருந்த மிச்சக் குவியலில் பாதியை அள்ளிக் கொடுத்தாள். அதனால் அடுத்த போகத்துக்கு அவளால் மூன்று பாத்திதான் போட முடிந்தது. அதற்காக அவள் வருத்தப்பட்டதாக யாருக்கும் தெரியவில்லை.

இப்போது அந்த வரிசையில் பதினேழு வீட்டில் இலைக்குவியல் இருக்கிறது. பங்களா இலைக்கு இத்தனை பேர் போட்டி போடுவதால், நாகலெட்சுமி அதை மற்றவர்களுக்கு விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்டியப்பனையும் இழுத்துக்கொண்டு, ஒன்றரை மைல் தள்ளி இருக்கும் கோயில் ரோட்டுக்குப் போய்விடுகிறாள். அங்கே மரங்கள் பெரியவை, விழுந்த இலையைக் கூட்ட ஆளில்லை.